கற்பூரம் அணைத்த கை

அம்பூரி
8.6.2024

அத்தைக்கு,

இதை அங்கன்வாடி முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் என்றைக்காவது அங்கே வரும் உங்கள் மகன் கையில் கிடைத்துவிடும். என் போனை அணைத்து சித்தியின் அரிசிப் பானைக்குள் போட்டிருக்கிறேன். அதில் அவர் ஏதோ ஏற்றி வைத்திருக்கிறார். நான் எந்தக் கடையில் நிற்கிறேன் என்பதுவரை அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இனி நமக்குள் கடிதம்தான்.

நான் அம்பூரியில் என் சித்தி வீட்டில் இருக்கிறேன். முதலில் ஒற்றசேகரமங்கலத்துக்கு, அப்பாவிடம்தான் போனேன். "புருஷன்னா அப்பிடி இப்பிடி இருக்கும். விடியட்டு, கொண்டு விடுகேன்" என்றார். விடிந்ததும் அவர் குளிக்கப் போன நேரத்தில் பஸ் ஏறிவிட்டேன். சித்தி எதுவும் கேட்கவில்லை. இந்த ரப்பர் தோட்டத்தில் ஒருவருக்குச் சமைப்பதும் இரண்டு பேருக்குச் சமைப்பதும் ஒன்றுதான் என்று மட்டும் சொன்னாள்.

சித்திரையில் நெய்யாற்றின்கரை வீட்டுக்கு நீங்கள் வந்தபோது என் விரலில் கட்டு இருந்தது. கிரைண்டரில் பட்டது என்று சொன்னேன். கிரைண்டரில் படவில்லை. கல்யாணமான முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான்.

நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். அது நீங்களாக இருக்கட்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நான் இருக்கும் இடத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். உங்கள் கூடப்பிறந்த பூதலிங்கம் மாமாவிடமும் வேண்டாம்.

ஸ்ரீகலா

*

பாறசாலை
13.6.2024

அன்புள்ள மக்களே ஸ்ரீகலா,

உன் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு உப்புமா விளம்பிக்கொண்டிருக்கும்போது தபால்காரர் தந்தார். படித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன். உப்புமா கேட்டு ஒரு பொடியன் என் சேலையைப் பிடித்து இழுத்தது எனக்குத் தெரியவே இல்லை.

மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு முதலில் உன்மேல்தான் கோபம் வந்தது. சபரீஷ் கை நீட்டுகிறவனா? அவனுடைய அப்பா போனபிறகு தனியாக நின்று அவனை வளர்த்தவள் நான். பள்ளிக்கூடத்தில் அவன் யாரையும் அடித்ததாக ஒரு புகார் வந்ததில்லை. எனக்கு மாத்திரை தீர்ந்துபோகும் முன்பே வாங்கி வந்து வைக்கிறவன். அவனுக்கு அந்த அளவுக்குக் கோபம் வரவேண்டுமென்றால், நீ என்ன சொன்னாய்? சண்டை முற்றியிருக்கும், ஏதோ கை பட்டிருக்கும். நீ விரலைக் காட்டி என்னிடம் பொய் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நான் அவ்வளவு அந்நியமா?

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டுச் சிரிக்காதே. ப்ளாக் ஆபீசிலிருந்து எங்களுக்கு உத்தரவு வந்திருக்கிறது. வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று ஆஷா சுகாதாரப் பணியாளர்கள், அங்கன்வாடி டீச்சர்கள், குடும்பஸ்ரீ மகளிர் குழு ஆட்களுக்கெல்லாம் பயிற்சி. வாரத்தில் ஒரு நாள். லேகா என்று ஒரு பெண் நடத்துகிறாள், கண்ணாடி போட்டு, சின்னப் பெண். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் முதல் வகுப்பு. எங்களை நடிக்கச் சொன்னாள். ஆஷா வேலை பார்க்கும் ஆனந்தபாய் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குடிகாரப் புருஷனாக வந்து என்னமாய் ஆடினாள் தெரியுமா? நான் பக்கத்து வீட்டுக்காரி. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் உன் கடிதம்.

யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படியே விட்டுவிடவும் மாட்டேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு. மலையில் குளிர் இருக்கும், தலையை மூடிக்கொள்.

உமையம்மாள்

*

அம்பூரி
17.6.2024

அத்தைக்கு,

நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். சாம்பாரில் உப்பு இல்லை என்றார். மேசையில் இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

லேப் வேலையை நானே விட்டேன் என்று உங்களிடம் சொல்லியிருப்பார். என் ஸ்கூட்டரின் சாவியைக் கிணற்றில் போட்டார். அதன்பிறகு விட்டேன். மற்றதெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது? நீங்கள் நம்புவதற்காக நான் ஒவ்வொரு காயமாக எண்ணிக் காட்ட வேண்டுமா?

உங்களுக்கு மாத்திரை வாங்கி வருவார் என்பது உண்மை. அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உங்களிடம் இருப்பவரும் என்னிடம் இருப்பவரும் ஒரே ஆள்தான். எனக்கும் அது புரிந்துகொள்ள நாளாயிற்று.

இப்படியே விட்டுவிட மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. தயவுசெய்து எதுவும் செய்ய வேண்டாம். எனக்கு யோசிக்கக் கொஞ்ச நாள் வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரீகலா

*

பாறசாலை
24.6.2024

அன்புள்ள மக்களே,

நல்ல செய்தி. கோபப்படாமல் கடைசிவரை படி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சபரீயை வீட்டுக்கு வரச்சொன்னேன். அவனுக்குப் பிடித்த புளிசேரியும் அவியலும் வைத்துச் சோறு போட்டுவிட்டு, "எலே, நீ அவளை அடிச்சியா?" என்று நேராகக் கேட்டேன். தலையைத் தூக்கவில்லை. பிறகு அழுதுவிட்டான் ஸ்ரீகலா. அவனுடைய அப்பா இறந்த அன்றுகூட அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "புத்தி கெட்டுப் போச்சும்மா, இனி இல்ல" என்றான்.

நான் சும்மா விடவில்லை. வாய் வார்த்தையை யார் நம்புவது? பூதலிங்கத்தையும் கூட்டிக்கொண்டு நம் சாஸ்தா கோயிலுக்கு அவனை அழைத்துப்போனேன். நடையில் கற்பூரம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தான். "இனி அவமேல கை வைக்க மாட்டேன்" என்று உரக்கச் சொன்னான். பூசாரி சாட்சி, உன் மாமா சாட்சி. நம் குடும்பத்தில் அந்த நடையில் செய்த சத்தியத்தை யாரும் மீறியதில்லை. மீறினவர் விளங்கியதும் இல்லை. உனக்கு இதைவிடப் பெரிய பத்திரம் எந்தக் கோர்ட்டு தரும்?

நீ இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டாதே. சத்தியம் செய்தவனிடம் மறைத்தால் அதுவும் ஒரு பாவம்தானே.

வகுப்பில் லேகா, நீங்களாகப் போய்ச் சமாதானம் பேசிச் சேர்த்து வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அந்தப் பெண்ணிடம் கேட்காமல் ஒரு அடி வைக்காதீர்கள் என்கிறாள். அது ஊரார் வீட்டு விஷயத்துக்கு. நான் தாய். எனக்கும் அந்தச் சட்டமா?

வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. பழம், வெற்றிலை, உனக்கு உடுக்க ஒரு செட்டுமுண்டு எல்லாம் வாங்கிவிட்டேன். முறைப்படி அழைக்க வருகிறோம். நானும் பூதலிங்கமும் சபரீயும் ஜீப்பில் காலையில் வந்துவிடுவோம். சித்தியிடம் சொல்லி வை. வெறும் சாயா போதும், பலகாரம் ஒன்றும் செய்ய வேண்டாம்.

உன் அத்தை
உமையம்மாள்

*

அம்பூரி
30.6.2024

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. நீங்கள் வந்துபோனதற்கு மறுநாள்.

சித்தி அடுக்களையில் உங்களுக்குச் சாயா போட்டுக்கொண்டிருந்தாள். மாமா ஜீப்பிலிருந்து இறங்கவே இல்லை, யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்றைக்கு வரவில்லை, எனக்கு நாள் வேண்டும் என்று உங்கள் எல்லாருக்கும் முன்னால்தான் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு நிமிஷம் தனியா பேசணும், வா" என்றார். நீங்களும் "போ மக்கா, பேசிட்டு வா" என்றீர்கள். போனேன்.

ரப்பர் ஷீட் அடிக்கும் புரைக்கொட்டகைக்குள் போனதும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சாமி நடையில சத்தியம் செய்ய வச்சிட்டல்லா." அந்தச் சத்தியத்துக்கு நான் விலை கொடுக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்துத்தான் வந்திருந்தார். முடியைப் பிடித்து ரோலரில் முகத்தை மோதினார். கற்பூரம் அணைத்த அதே கை.

நீங்கள் செட்டுமுண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றீர்கள். நீங்கள் பார்த்தீர்கள் அத்தை. "சபரீ" என்று கூப்பிட்டீர்கள். அவர் திரும்பி, "வழுக்கி விழுந்துட்டா" என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரோடு போய் ஜீப்பில் ஏறினீர்கள்.

உதட்டில் நான்கு தையல். ஒரு பல் ஆடுகிறது. சத்தியம் செய்தவனோடு போகாததால் பாவம் எனக்குத்தான் என்று அப்பா ஆள் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இனி எழுத வேண்டாம்.

*

பாறசாலை
11.7.2024

ஸ்ரீகலா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. நீ படிக்காமல் கிழித்துப் போட்டாலும் எனக்குப் புகார் இல்லை.

அவனை அங்கிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்றுதான் ஜீப்பில் ஏறினேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, என் கண்ணை எனக்கே நம்பப் பிடிக்கவில்லை. மலை இறங்கும் வழியெல்லாம் அவன், "அவ வழுக்கி விழுந்தா. நீங்க கண்டதும் அதாக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கத்தவில்லை, மிரட்டவில்லை. எனக்குப் பாடம் சொல்லித் தருவதுபோல நிதானமாகச் சொன்னான். நான் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தரும் அதே பொறுமை. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. நீ எத்தனை நாள் இப்படி அவனிடம் பாடம் கேட்டிருப்பாய் என்று நினைத்தேன்.

அடுத்த வகுப்புக்கு உடம்பு சரியில்லை என்று போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனேன். அன்றைக்கு லேகா, அடிபட்ட பெண்ணிடம் கேட்கக் கூடாத கேள்விகள் என்று பலகையில் எழுதிப் போட்டாள். முதல் கேள்வி, "நீ என்ன சொன்னாய், என்ன செய்தாய்?" அதற்குமேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

லேகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தக் குட்டி இப்ப எங்க இருக்கு? மருந்து எடுத்தாளா?" என்றுதான் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இனி நானே நேரில் வந்து உனக்கு வேண்டியதையெல்லாம் செய்கிறேன், அதற்குத்தானே பயிற்சி என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டாள். "டீச்சரே, இந்தக் கேசில் நீங்க பணியாளர் இல்ல. அங்க வேற ஆள் போகும், அதும் அவளுக்குச் சம்மதம்னா மட்டும். நீங்க இதுல வேற ஒண்ணு. நீங்க அதக் கண்ணால கண்ட ஆள்" என்றாள்.

உன் பக்கத்து ஆஷா பெயர் ராஜபாய். நீ சரி என்றால் மட்டும் அவள் வருவாள். அவளுடைய எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். உன்னுடையதை அவளிடம் கொடுக்கவில்லை. கூப்பிடுவதும் கூப்பிடாததும் உன் இஷ்டம்.

மன்னிப்புக் கேட்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

உமையம்மாள்

*

அம்பூரி
19.8.2024

அத்தைக்கு,

ராஜபாயைக் கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன் நிறைய நாள் யோசித்தேன், நீங்கள் தந்த எண் என்பதால்.

நல்ல பெண். ரப்பர் வெட்டும் வேலையும் உண்டு, ஆஷா வேலையும் உண்டு. வந்து உட்கார்ந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன். கடைசியில், என் சர்டிபிகேட்டுகள் வேண்டும், அவர் இந்த மலைக்கு வரக் கூடாது, இரண்டும் போதும் என்றேன். சரி, அதற்கு என்ன வழி என்று பார்ப்போம் என்றாள். என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பெண்களுக்கான பாதுகாப்பு அதிகாரி முன்னால் நான் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளும்வரை பக்கத்தில் இருந்தாள். நடுவில் எனக்குப் பேச்சு வராமல் போனபோது எனக்காக அவள் பேசவில்லை. காத்திருந்தாள்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் மனு கொடுத்தாயிற்று. அவர் பதில் போட்டிருக்கிறார். எனக்கு மனநிலை சரியில்லையாம், புரையில் வழுக்கி விழுந்துவிட்டுப் பழியை அவர்மேல் போடுகிறேனாம். சித்தி அலறல் சத்தம் கேட்டாள், ஓடி வந்தாள். ஆனால் கண்ணால் பார்க்கவில்லை. நான் சொல்வதும் அவர் சொல்வதும் சமமாக நிற்கின்றன என்கிறார் வக்கீல்.

பார்த்தது ஒரே ஒருவர்.

உங்களிடம் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ஒரு தாயிடம் கேட்கக் கூடிய விஷயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன். கோர்ட்டில் வந்து சொல்வீர்களா?

ஸ்ரீகலா

*

பாறசாலை
2.9.2024

அன்புள்ள மக்களே,

நீ கேஸ் போட்டு நெய்யாற்றின்கரை வீட்டைப் பூட்டச் செய்ததாகச் சொல்லி சபரீ இப்போது என்னோடுதான் இருக்கிறான். இந்தக் கடிதத்தை அங்கன்வாடியில் பிள்ளைகள் உறங்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

அவன் என்னிடம் எப்படி இருக்கிறான் தெரியுமா? காலையில் எனக்கு முன் எழுந்து கிணற்றிலிருந்து தண்ணீர் கோருகிறான். ஓணத்துக்கு எனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறான். நேற்று என் கால் வீங்கியிருப்பதைப் பார்த்து டாக்டரிடம் கூட்டிப்போனான். நான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும் என்று வக்கீல் சொன்னதிலிருந்துதான் இதெல்லாம் என்று நினைக்க மனசு வரவில்லை. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. முன்னெல்லாம் அவன் தந்த மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். இப்போது அந்த மாத்திரை தொண்டையில் நிற்கிறது.

பூதலிங்கம் வந்து உட்கார்ந்து, "பெத்த பிள்ளையக் காட்டிக்குடுக்கப் போறியா? நாளைக்கு உனக்கு யாருடி கொள்ளி வைப்பான்? அவளா வந்து வைப்பா?" என்கிறான். அந்தக் கேள்வியை அவன் கேட்பதற்கு முன்பே நான் என்னிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன் மக்களே. உன்னிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுதான் என் பயம். ஒரே பிள்ளை.

வகுப்பில் மற்றவர்கள் வீட்டுக் கதையென்றால் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. போன வாரம்கூட ஆனந்தபாய், மகனுக்கு எதிராக மாமியார் சாட்சி சொல்வது எங்கே நடக்கிற காரியம் என்று கேட்டாள். அவளுக்கு என் கதை தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். லேகா மட்டும் சிரிக்கவில்லை, என் பக்கமும் பார்க்கவில்லை.

வருவேன் என்று எழுதினால் நீ நம்பிக் காத்திருப்பாய். கடைசி நேரத்தில் கால் பின்வாங்கினால் உனக்கு நான் இரண்டாவது தடவை ஜீப் ஏறினதுபோல ஆகும். வர மாட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. எனவே ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். என்னை நம்பிக் கேசை நடத்தாதே. வேறு வழி இருந்தால் பார்.

உமையம்மாள்

*

அம்பூரி
22.1.2025

அத்தைக்கு,

நேற்று நீங்கள் கோர்ட்டிலிருந்து இறங்கிப் போன வேகத்தில் என்னால் உங்கள் பின்னால் ஓடி வரவும் முடியவில்லை. வக்கீல் கையெழுத்து வாங்க நிறுத்திவிட்டார். வாசலுக்கு வந்தபோது நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

சம்மன் போயிருந்தாலும் நீங்கள் வர மாட்டீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு அப்படி நினைப்பதுதான் எனக்கும் நிம்மதியாக இருந்தது. உங்கள் பெயரைக் கூப்பிட்டபோது அவர் வக்கீலிடம் திரும்பிச் சிரித்தார். அவர் ஓணத்துக்கு எடுத்துத் தந்த சேலையைத்தான் நீங்கள் உடுத்தியிருந்தீர்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நீங்கள் தன் பக்கம் வந்திருப்பதாக அவர் கடைசிவரை நம்பினார்.

எதிர்மனுதாரர் உங்களுக்கு யார் என்று கேட்டார்கள். "எனக்க மவன். நான் பெத்தது" என்றீர்கள். பிறகு நீங்கள் மாஜிஸ்ட்ரேட்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்து, "எலே சபரீ, தலையத் தூக்கு. நீ அவ முடியப் பிடிச்சு அடிச்சத நான் கண்டேன்" என்றீர்கள். அங்கே பேசாதீர்கள், என்னிடம் சொல்லுங்கள் என்று மாஜிஸ்ட்ரேட் சொல்ல வேண்டியிருந்தது.

அவருடைய வக்கீல், மகன்மேல் பாசம் உண்டா இல்லையா என்று மலையாளத்தில் கேட்டார். பாசமில்லாத தாய் என்று எழுதிவிட அவருக்கு ஆசை. "உண்டு சாரே. நல்லா உண்டு. பாசம் உண்டுன்னா கண்ணு தெரியாதா?" என்றீர்கள். அதற்குமேல் அவர் அதிகம் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதால் எனக்கு மனநிலை சரியில்லை என்று அதையும் எழுதிக்கொள்வார்களோ என்று பயம்.

அவர் என்னிடம் நெருங்கக் கூடாது என்று தடை உத்தரவு கிடைத்துவிடும் என்கிறார்கள். சர்டிபிகேட்டுகளை முன்பே வாங்கித் தந்துவிட்டார்கள். ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு லேப்பில் அடுத்த மாதத்திலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்குப் பக்கம்தான். அங்கே போக மாட்டேன், சித்தி வீட்டிலிருந்தே போய் வருவேன்.

ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமையை நான் மறக்கவில்லை அத்தை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகும். ஆனால் நேற்றைய செவ்வாய்க்கிழமையையும் மறக்க மாட்டேன். உங்களை நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

நேற்று வீட்டுக்கு எப்படிப் போனீர்கள்? வீட்டில் என்ன நடந்தது? சாப்பிடுகிறீர்களா? பதில் எழுதுங்கள்.

உங்கள்
ஸ்ரீகலா

*

பாறசாலை
30.1.2025

மக்களே,

பஸ்ஸில் உட்கார்ந்தவள் பாறசாலையில் இறங்க மறந்து களியக்காவிளை வரைக்கும் போய்விட்டேன். எல்லையில் தமிழ்நாட்டுப் போலீஸைப் பார்த்தபிறகுதான் நினைவு வந்தது. திரும்பி வருவதற்குள் அவன் தன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு போயிருந்தான். என் மாத்திரைகளை மேசையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதைப் பார்த்துத்தான் அழுதேன். கோர்ட்டில் வராத அழுகை.

பூதலிங்கம் பேசுவதில்லை. கோயிலில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சோறு இறங்குகிறது, கவலைப்படாதே. அவன் போனை எடுப்பதில்லை. நான் தினமும் ஒரு தடவை கூப்பிடுகிறேன், எடுக்கும் வரை கூப்பிடுவேன். இதற்காக நீ என்னிடம் கோபப்படக் கூடாது.

உமையம்மாள்

*

பாறசாலை
14.10.2025

அன்புள்ள மக்களே ஸ்ரீகலா,

விவாகரத்துக் கையெழுத்து எல்லாம் முடிந்தது என்று ராஜபாய் சொன்னாள். லேப்பில் சம்பளம் கூட்டியதையும் சொன்னாள். நீ சொல்லச் சொன்னதைத்தான் சொன்னாளாம், மற்றது கேட்டால் சிரிக்கிறாள். நல்ல பயிற்சி.

இன்று ஒன்று நடந்தது. உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். விளவங்கோடு பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல சேலை, கையில் ஆப்பிள் பை. தன் மகளுக்கு சபரீஷைப் பார்த்திருக்கிறார்களாம். தரகர் எல்லாம் சொல்லிவிட்டார், பையனுடைய தாயை நேரில் கண்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதி என்றாள். "முதல்ல கெட்டினவளுக்கு ஏதோ மண்டைக்குச் சுகமில்லன்னு சொன்னாவ" என்றாள். பேசும்போது அந்த ஆப்பிள் பையை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா சிரித்துக்கொண்டு, நல்ல பையன்தான் என்றால் போதும். அவனுக்கு ஒரு குடும்பம் ஆகும். என்னிடம் திரும்பி வந்தாலும் வருவான். ஒன்பது மாதமாக நான் கூப்பிட்டும் எடுக்காத போனை அன்றைக்கு எடுப்பான். எல்லாம் என் வாயில்தான் நின்றது.

"முதல்ல கெட்டினவளுக்கு ஒரு குறையும் இல்ல. அவ தங்கமான பிள்ள. எனக்க மவன் அடிப்பான். நான் கண்ணால கண்டது. ஒங்க பிள்ளையக் குடுக்காதீங்க" என்றேன்.

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. "பெத்தவளா இப்பிடிச் சொல்லுகீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். பையைக் கீழே வைத்தாள். உறங்கும் பிள்ளைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அடிக்கிற ஆம்பிள மாறுவானா டீச்சர்?" என்று கேட்டாள்.

"யாரு வீட்டுல?" என்றேன்.

"எனக்க வீட்டுல."

நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, பிள்ளைகளின் பாய் ஒன்றை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பேசினாள். சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆட்கள் வரும்வரை பேசினாள்.

என்ன சொன்னாள் என்று நீ கேட்பாய். அதை எழுத மாட்டேன் மக்களே. அவள் என்னிடம் சொன்னது.

உமையம்மாள்